போலிப் போதகரை அறிவது எப்படி?

செல்லாக் காசுக்குக் கள்ள அச்சுக் குத்துவோர் எவரும் இலர். மதிப்புள்ள நாணயத்துக்கே போலி உண்டு. சமய உலகிலும் இதுவே நடைமுறை. மக்கள் எதனை உயிரினும் மேலாகப் போற்றுகிறார்களோ, அதன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் ஏமாற்றுவோரும் வருகிறார்கள். கிறிஸ்தவ சமயம் இதனைத் தன் தொடக்க நாள்களிலேயே நன்கு அறிந்திருந்தது. ஆட்டுத் தோல் போர்த்த ஓநாய்களைப் பற்றி இயேசுநாதர் தம் மலைப் பிரசங்கத்தில் எச்சரித்ததைக் கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் கேள்விப்பட்டிருப்பர். ஆனால் எச்சரிப்பது எளிது; இன்னார்தான் ஓநாய் என்று அடையாளம் காட்டுவது அரிது. புறத்தே பார்த்தால் ஆட்டுத் தோல். அகத்தே இருப்பது இன்னது என்று அறியும் வழி யாது?

சங்க மலரில் சமயப் பொருள் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். இது பிரசாரக் கட்டுரை அன்று. சோதித்துப் பாராமல் எதையும் ஏற்காதே என்று நம் ஆய்வுக்கூடங்களில் கற்பிக்கிறார்கள் அல்லவா? அந்தப் பழக்கம் ஒரு சமயத்துக்கு உள்ளேயே, அதன் பக்தர்களாலேயே, ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன்பு எவ்வாறு கையாளப்பட்டது என்பதே இங்கு நாம் காணப்போவது. வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, மொழி தெரியாத நகரில் வாழும் நமக்கு இது வெறும் சரித்திரமும் அன்று. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் பழைய ஏற்பாட்டுக்குச் செல்வோம். உபாகமம் என்னும் நூலில் இரண்டு சோதனைகள் கூறப்பட்டுள்ளன. பதினெட்டாம் அதிகாரத்தில் உள்ளது எளியது: இறைவன் பெயரால் ஒருவன் ஒன்றை முன்னறிவித்து அது நடவாமற் போனால், அவன் தானாகப் பேசியவன், அவனுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. பதின்மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது இதனினும் நுட்பமானது: அவன் சொன்ன அற்புதம் நடந்தே விட்டாலும், அதைக் காட்டி அவன் மக்களை வேறு தெய்வங்களின் பின்னே அழைப்பானாகில் அவனுக்குச் செவிகொடுத்தல் ஆகாது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சொன்னது பொய்த்தால் அவன் போலி. சொன்னது மெய்த்தாலும் அதுகொண்டு மட்டும் அவன் மெய்யன் ஆகிவிடமாட்டான். ஒரு கொள்கையைக் கவிழ்க்க ஒரே ஒரு எதிர்ச்சான்று போதும், நிலைநாட்ட ஒரு வெற்றி போதாது என்று நாம் படிக்கிறோமே, அதே நியாயம்தான்.

முதற்சோதனையில் தவறியவர்களுக்குச் சரித்திரத்தில் குறைவில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் விவசாயி தானியேல் ஆகமத்தின் எண்களைக் கொண்டு கிறிஸ்துவின் வருகையைக் கணக்கிட்டார். அவரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22 என்று நாளும் குறித்தனர். சிலர் வயலில் விளைந்ததை அறுக்காமலே விட்டுவிட்டுக் காத்திருந்தனர். நாள் வந்தது, போயிற்று. அண்மைக் காலத்தில், அதே நாட்டில் வானொலி நிலையங்கள் நடத்திய ஹெரால்டு கேம்பிங் 1994-இல் ஒருமுறை குறித்துத் தவறினார். பின்பு 2011 மே 21 என்றார். உலகின் பல நகரங்களில் விளம்பரப் பலகைகள் எழுந்தன. வாழ்நாள் சேமிப்பை அதற்கே செலவிட்டவர்களும் இருந்தனர். அன்றும் ஒன்றும் நடக்கவில்லை. அக்டோபர் 21 என்று மாற்றினார், அதுவும் பொய்த்தது. 2012 மார்ச்சில் தாம் நாள் குறித்தது பாவம் என்று அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். போலிகளில் இவ்வாறு ஒப்புக்கொண்டோர் மிகச் சிலரே என்பதால் அவரைக் கடிந்து பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் பொறியியல் பட்டம் பெற்றவர் என்பதை மட்டும் விஞ்ஞானம் படிக்கும் நாம் நினைவில் வைத்திருப்பது நலம். கணக்குத் தெரிந்தவன் ஏமாறமாட்டான் என்பது நம்முடைய வீண் பெருமை.

நாள் குறிப்பவனைப் பிடிப்பது எளிது, நாள்காட்டியே காட்டிக்கொடுத்துவிடும். நாள் எதுவும் குறிக்காமல் இனிமையாகப் பேசி, கண்ணீர் மல்க ஜெபித்து, நம் வீட்டில் உண்டு உறங்கி வாழ்பவனை என்செய்வது? இந்தச் சிக்கலுக்குத்தான் ஆதிச் சபையார் ஒரு சிறு கைந்நூலில் விடை எழுதி வைத்தனர்.

அந்நூலின் பெயர் ‘டிடாக்கே’. கிரேக்க மொழியில் போதனை என்று பொருள். பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்பது அதன் விரிந்த பெயர். முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அது பைபிளில் சேர்க்கப்படவில்லை. எனினும் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367-இல் எழுதிய மடலில், வேதாகமத்தின் பகுதி அன்றாயினும் புதிதாகச் சேருவோர் படிக்கத் தக்கது என்று அதனைக் குறித்தார். பிறகு நூல் எப்படியோ மறைந்தது. 1873-இல் பிலோதெயோஸ் பிரையன்னியோஸ் என்ற கிரேக்க ஆயர், கான்ஸ்டான்டிநோபிள் நகரில் ஒரு மடத்தின் நூலகத்தில் பழைய தோல் சுவடி ஒன்றைக் கண்டார். லியோ என்னும் எழுத்தர் 1056-இல் படி எடுத்த சுவடி அது. அதில் டிடாக்கே முழுமையாக இருந்தது. 1883-இல் அச்சேறியது. நம் உ.வே. சாமிநாத ஐயர் ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்த அதே காலம்.

அக்காலச் சபைகளின் நிலையை மனத்தில் வாங்கிக்கொண்டால்தான் நூலின் அருமை விளங்கும். கோவில் இல்லை, வீடுகளில் கூடினர். ஊர் ஊராய் நடந்து திரியும் அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளுமே அவர்களுக்குப் போதகர். கதவு தட்டப்படுகிறது. தூசி படிந்த காலோடு ஒருவன் நிற்கிறான். ஆண்டவரின் பெயரால் வந்தேன் என்கிறான். அடையாளச் சீட்டு இல்லை. மெய்யானவனாயிருந்தால் அவனை விரட்டுவது கடவுளையே விரட்டுவதாகும். பொய்யனாயிருந்தால் ஊரே கெடும். என்ன செய்வது?

நூல் சொல்லும் விடை வியப்புக்குரியது. வருபவனை முதலில் ஏற்றுக்கொள். ஆண்டவரையே ஏற்பதுபோல் ஏற்றுக்கொள். ஆனால் அவன் ஒரு நாள் தங்கலாம். வேண்டுமானால் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் போலி. புறப்படும்போது அடுத்த ஊர் சேரும் வரைக்குமான ரொட்டி கொடு. அவன் பணம் கேட்டால் போலி. தீர்க்கதரிசி ஆவியின் ஏவுதலால் ஒரு விருந்துக்குக் கட்டளையிட்டால் அதிலிருந்து அவன் உண்ணக்கூடாது, உண்டால் போலி. மெய்யான போதனையைச் சொல்லிவிட்டுத் தான் அதன்படி நடவாதவனும் போலி. ஆவியில் பேசிக்கொண்டே எனக்கு வெள்ளிக்காசு கொடு என்பவனுக்குச் செவிகொடாதே. ஆனால் இல்லாத வேறொருவருக்குக் கொடு என்று அவன் சொன்னால் அவனை யாரும் குறை கூற வேண்டாம்.

ஆவியின் ஏவுதலால் விருந்துக்குச் சொல்லித் தானே உண்பவனைப் பற்றிய விதியைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி எவனோ ஒருவன் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தகைய விதி எழ நியாயமில்லை. பரலோகத்திலிருந்து நேரே சமையலறைக்கு வந்த அந்தக் கட்டளையைக் கேட்டு ஏதோ ஒரு வீட்டுப் பெண்மணி அடுப்பு மூட்டியிருப்பார், பாவம்!

தங்கி வாழ விரும்புபவனுக்கும் விதி உண்டு. தொழில் தெரிந்தவனானால் உழைத்து உண்ணட்டும். தெரியாதவனானால், சோம்பி இருக்கும் கிறிஸ்தவன் எவனும் உங்களிடையே இல்லாதபடி நீங்களே யோசித்து வழி செய்யுங்கள். இதற்கு அவன் இணங்கவில்லையென்றால் அவனுக்கு ஒரு பட்டப் பெயரையே நூல் சூட்டுகிறது: ‘கிறிஸ்டெம்போரோஸ்’. கிறிஸ்துவை விற்பவன், கிறிஸ்து வாணிகன் என்பது பொருள். எம்போரோஸ் என்றால் கிரேக்கத்தில் ஊர்விட்டு ஊர் செல்லும் வணிகன். தாலமி நம் காவிரிப்பூம்பட்டினத்தைக் ‘கபேரிஸ் எம்போரியோன்’, அதாவது வணிகத் துறைமுகம், என்று குறித்தபோது ஆண்ட சொல்லும் இதன் உறவினம்தான். நல்ல வணிகனுக்கு உரிய சொல் இங்கே வசையாயிற்று.

இந்த விதிகளில் எது வியப்பு என்கிறேன்? அவை யாவும் எண்ணக்கூடியவை, காணக்கூடியவை என்பதே. எத்தனை நாள் தங்கினான், எவ்வளவு கேட்டான், எதை உண்டான், கையால் உழைத்தானா? ஆவியில் பேசுகிறவனைப் பேச்சின் நடுவே சோதிக்காதே என்றும் அந்நூல் தடுக்கிறது. இது மேற்போக்காகப் பார்த்தால் முரண்பாடு. ஆழ்ந்து பார்த்தால் அறிவுடைமை. ஒருவன் உள்ளத்தில் பேசுவது தெய்வ ஆவியா, வெறும் உணர்ச்சியா, நடிப்பா என்பதை வெளியில் நிற்பவன் அளக்க முடியாது. அளக்க முடியாததைப் பற்றி வாதிட்டால் குரல் ஓங்கியவனே வெல்வான். ஆகவே அதை விட்டுவிட்டு, அவனது நடையைப் பார் என்றார்கள். வீட்டுக்காரப் பெண்மணி ஒருத்தி, எழுதப் படிக்கத் தெரியாதவளாயினும், மூன்று வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

இந்த அச்சம் கற்பனை அன்று என்பதற்கு வெளியார் சாட்சியம் ஒன்று உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூசியன் என்னும் கிரேக்க அங்கத எழுத்தாளர், பெரிகிரினஸ் என்பவனின் கதையை எழுதினார். அவன் பாலஸ்தீனத்தில் கிறிஸ்தவர்களிடையே சேர்ந்து, விரைவில் அவர்களுக்குத் தலைவனானான், சிறைப்பட்டான். உடனே விடியற்காலை முதலே விதவைகளும் அனாதைக் குழந்தைகளும் சிறை வாயிலில் காத்து நின்றனர். உணவு உள்ளே சென்றது. ஆசிய நகரங்களிலிருந்துகூட ஆட்கள் உதவியோடு வந்தனர். சிறையே அவனுக்கு வருவாய் ஆயிற்று. பின்னர்ச் சபையாரே அவனை விலக்கினர். இறுதியில் 165-இல் ஒலிம்பியா விளையாட்டு விழாவின்போது கூட்டத்தார் காணத் தீயில் பாய்ந்து மாண்டான். லூசியன் கிறிஸ்தவர்களின் நண்பர் அல்லர்; அவர் எழுதியது கேலி. ஆனால் அந்தக் கேலியில் தெரிவது அவர்களுடைய பேதைமை மட்டுமா? அவர்களுடைய அன்பும் தெரிகிறது. எங்கே அன்பு மிகுதியோ அங்கே வாணிகனுக்கு விற்பனையும் மிகுதி.

நடத்தை ஒன்றே போதுமா என்றால், போதாது. நல்லொழுக்கமுள்ள ஒருவன் தவறான உபதேசத்தையும் சொல்லலாம். எனவே புதிய ஏற்பாடு கருத்துச் சோதனையையும் வைக்கிறது. யோவானின் முதல் நிருபம் எல்லா ஆவிகளையும் நம்பிவிடாமல் சோதிக்கச் சொல்கிறது. இயேசு உண்மையான மனித உடலில் வந்தார் என்பதை மறுப்பவன் கடவுளிடமிருந்து வந்தவன் அல்லன் என்கிறது. பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, வேறு சுவிசேஷத்தைத் தாமே வந்து சொன்னாலும், வானத்துத் தூதன் சொன்னாலும் ஏற்காதீர்கள் என்ற பொருள்பட எழுதினார். தம்மையே விலக்கிக்கொள்ளாத அந்த நேர்மைதான் முக்கியம். பெரோயா ஊரார் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு அது சரியா என்று நாள்தோறும் வேத நூல்களைப் புரட்டிப் பார்த்தனர். அதற்காக அவர்கள் புகழப்படுகிறார்களே யன்றிக் கடியப்படவில்லை. என்னைக் கேள்வி கேட்பது கடவுளைக் கேள்வி கேட்பது என்று இன்று ஒருவர் மேடையில் முழங்குவாரானால், பவுலுக்கு இல்லாத சலுகையை அவர் கோருகிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கள்ள உபதேசி என்னும் சொல்லே பலமுறை ஆயுதமாயிற்று. ஒரு சபையார் மறு சபையாரை அவ்வாறு அழைத்தனர்; அதன் பெயரால் உயிரோடு கொளுத்தப்பட்டவர்களும் உண்டு. ஞானஸ்நானம் எவ்வயதில் கொடுப்பது, ஓய்வு நாள் சனியா ஞாயிறா என்ற வேறுபாடுகளில் நேர்மையானவர்கள் இருபுறமும் நிற்கக் காண்கிறோம். அத்தகையோரை மோசக்காரரோடு ஒரே தட்டில் நிறுத்துவது எனக்கு உடன்பாடன்று. மோசக்காரனுக்கு மறைத்து வைக்க ஏதோ ஒன்று இருக்கும். வேறு கொள்கையுடையவனுக்கு அப்படி இராது.

மறைப்பது என்றதும் 1986-இல் அமெரிக்காவில் நடந்தது நினைவுக்கு வருகிறது. பீட்டர் பாப்பாஃப் என்ற பிரசங்கியார் பெரிய அரங்குகளில் சுகமளிக்கும் கூட்டங்கள் நடத்திவந்தார். முன்பின் அறியாதவர்களின் பெயரையும் நோயையும் வீட்டு முகவரியையும் சொல்லி அழைப்பார். மக்கள் மெய்சிலிர்த்தனர். ஜேம்ஸ் ராண்டி என்னும் மாயவித்தைக்காரருக்கு ஐயம் எழுந்தது. அந்தப் பிரசங்கியாரின் காதில் சிறு கருவி ஒன்று இருப்பதைக் கவனித்தார்கள். செவிடரைக் குணமாக்குபவருக்குக் காதுக் கருவி எதற்கு? ராண்டியின் குழுவினர் வானொலி அலைகளைத் தேடிப் பிடிக்கும் பொறியோடு கூட்டத்துக்குச் சென்றனர். 39.17 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெண் குரல் கேட்டது. பிரசங்கியாரின் மனைவியார் மேடைக்குப் பின்னாலிருந்து பெயர்களையும் நோய்களையும் படித்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு முன் மக்கள் தாமே நிரப்பிக் கொடுத்த ஜெபச் சீட்டுகளிலிருந்தும், அவர்களோடு நடந்த உரையாடலிலிருந்தும் திரட்டியவை அவை. அந்த ஒலிப்பதிவு தொலைக்காட்சியில் நாடெங்கும் ஒலிபரப்பாயிற்று. 1987-இல் அவர் கடன் தீர்க்க இயலாதவர் என்று நீதிமன்றத்தில் அறிவித்துக்கொண்டார்.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் சிந்திக்க வேண்டியது. சில ஆண்டுகளில் அவர் மீண்டும் தொலைக்காட்சியில் தோன்றினார். அற்புத நீர் என்று சிறு பொட்டலங்களை அனுப்பிக் காணிக்கை கேட்டார். அனுப்பியவர்களும் இருந்தனர்! போலியை அம்பலப்படுத்துவதால் மட்டும் போலி ஒழிவதில்லை. மருத்துவத்துக்குப் பணமில்லாதவன், நம்பிக்கையிழந்தவன் இருக்கும் வரையில் அந்த நீருக்கு விலை இருக்கும்.

ஜிம் ஜோன்ஸின் கதை இதனினும் கொடியது, சுருக்கமாகவே சொல்கிறேன். கனியால் மரத்தை அறியலாம் என்பது இயேசுநாதரின் அளவுகோல். ஜோன்ஸின் தொடக்கக் கனிகள் நல்லவையாகவே தோன்றின. 1950-களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாய் அமர்ந்து வழிபடும் சபையை நடத்தினார், ஏழைகளுக்கு உணவளித்தார். பிறகு சபையாரின் சொத்துகள் சபைக்கு எழுதப்பட்டன, கோழிக் குடலைக் காட்டிப் புற்றுநோயை வெளியே எடுத்ததாகச் சொன்னார், பைபிளையே இகழ்ந்தார், எதிர்த்துக் கேட்டவர் தண்டிக்கப்பட்டனர், மக்களைத் தென்னமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டுக்கு அழைத்துச் சென்று கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். 1978 நவம்பர் 18 அன்று 900-க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளும் சிறுவர்களும். கனி பழுக்கக் காலம் பிடிக்கும். அதற்குள் மரத்தடியில் வீடு கட்டிக் குடியேறிவிட்டவர்களால் வெளியேற முடிவதில்லை. ஆகவே, கனியைப் பார்ப்பவன் வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். விலக நினைப்பவனை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள்? என் கருத்தில் இது எல்லாச் சோதனைகளிலும் விரைவில் பயன் தருவது.

இனி நம் கதை. இந்நகரில் தமிழ் மாணவர் சிலர் ஞாயிறு மாலைகளில் ஓர் அறையில் கூடி ஜெபிப்பதுண்டு, நானும் செல்வேன். ஊரில் என்றால் ஒருவர் தவறான வழியில் போனால் சித்தப்பாவோ, எதிர்வீட்டு ஆச்சியோ, பங்குச் சாமியாரோ, யாரேனும் ஒருவர் பிடித்து நிறுத்துவார். இங்கே நமக்கு அந்த வேலி இல்லை. தமிழில் ஒருவர் உருக்கமாகப் பேசினாலே நமக்குப் பாதி மனம் இளகிவிடுகிறது. சென்ற ஆண்டு எங்கள் குழுவில் ஒரு தம்பிக்குக் காசநோய் கண்டது. அரசு மருத்துவமனையில் இலவச மாத்திரை தொடங்கினார். மூன்றாம் மாதம் வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், நீ சுகமாகிவிட்டாய், மாத்திரை உண்பது அவிசுவாசம் என்றார். தம்பியும் நிறுத்திவிட்டார். அவர் பொய் சாட்சி சொன்னார் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சல் நின்றிருந்தது, இருமல் இல்லை, உடல் எடை கூடியிருந்தது. சுகம் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

நுண்ணுயிரியல் படிப்பவன் என்ற முறையில் இதன் உட்பொருளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வழக்கமான காசநோய் மருத்துவம் ஆறு மாதம். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதற்சில வாரங்களிலேயே பெரும்பாலும் மடிந்துவிடும், அறிகுறிகள் மறையும். ஆனால் மிக மெதுவாக இயங்கும் சிறு தொகுதி ஒன்று பதுங்கியிருக்கும். அதை ஒழிக்கவே மீதி மாதங்கள். இடையில் நிறுத்தினால் எஞ்சியவை மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வகை தோன்றவும் இடமுண்டு. ஆகவே மூன்றாம் மாதத்தில் உடல் தேறியது மாத்திரையின் வேலை. அந்தப் புகழைத் தட்டிக்கொண்டு போனவர் பிரசங்கியார். நான்கு மாதங்களில் இருமல் திரும்பியது. அவரை மீண்டும் அழைத்துச் சென்று சளிப் பரிசோதனை செய்வித்தோம். நல்லவேளையாக மருந்து இன்னும் கேட்கும் வகைதான் என்றார்கள். முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். பிரசங்கியாரைத் தொலைபேசியில் அழைத்தபோது, தம்பிக்கு விசுவாசம் போதவில்லை என்றார். நோய் தீர்ந்தால் தம் ஜெபம், தீராவிட்டால் நோயாளியின் குறை! எந்த முடிவு வந்தாலும் பொய்க்காத ஒரு கூற்றைச் சோதனைக்கு உட்படாத கூற்று என்று நாம் சொல்வோம். பழைய இஸ்ரவேலர் இதைவிடச் சுருக்கமான சொல்லால் அழைத்திருப்பர்.

அதன்பின் எங்கள் ஞாயிற்றுக் குழுவில் உட்கார்ந்து பேசி, டிடாக்கேயை ஒட்டிச் சில ஏற்பாடுகள் செய்துகொண்டோம். பேச வருபவருக்கு ஸ்லீப்பர் வகுப்பில் போகவர இரயில் சீட்டு. மெஸ்ஸில் எங்களோடு சாப்பாடு. இரண்டு இரவு தங்க இடம். கவர் கிடையாது. காணிக்கை எடுத்தால் அது நகரின் தொழுநோயாளர் இல்லத்துக்கு. கணக்கு சுவரில் ஒட்டப்படும். மருந்தை நிறுத்தச் சொல்பவருக்கு மறு அழைப்பு இல்லை. பேச்சு முடிந்ததும் அரைமணி நேரம் யாரும் எதையும் கேட்கலாம். இவற்றை முன்கூட்டியே கடிதத்தில் எழுதி அனுப்புகிறோம். இதுவரை ஐவருக்கு அனுப்பினோம். மூவர் வந்தனர், அவர்களில் ஒரு முதியவர், சாப்பாட்டில் ரசம் உண்டா என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தார். மற்ற இருவரிடமிருந்து பதில் இல்லை.